டத்தோ ராஜன் உபயத்தில் ஓர் அடித்தகடு

கிள்ளான் இன்ப துன்ப நிகழ்ச்சி உதவிச் சங்கத்தின் மண்டபத்துக்குள் புதிதாக நுழைகிறவர்கள் கொஞ்ச நேரம் எதையும் தொடப் பயப்படுவார்கள். எதைத் தொட்டாலும் யாரோ ஒருவருடைய பெயர் மேல் கை படும். நாற்காலி முதுகுகளில் குடும்பம் குடும்பமாகப் பெயர்கள் இருக்கும். மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் மூன்று சகோதரர்களின் பெயர்கள் எழுதியிருக்கும். ஓடினால் படிக்க முடியாது என்பதால், நிகழ்ச்சி நடக்கும்போது விசிறியை நிறுத்திவிடுவார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு மளிகைக் கடைக்காரரின் பெயரும் கிளைகளின் முகவரியும் போக, மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு காதைப் பார்த்துக்கொள்ளலாம். கழிவறைக் கதவின் உட்பக்கத்தை ஒரு பல் மருத்துவர் கேட்டு வாங்கியிருந்தார். அங்கே உட்காருகிறவர்கள் நிதானமாகப் படிப்பார்கள் என்பது அவருடைய கணக்கு.

சங்கம் செய்வது நல்ல காரியம்தான். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கல்யாணமோ சாவோ, அங்கத்தினர் வீட்டில் எது நடந்தாலும் கூடாரம், நாற்காலி, சமைத்த சாப்பாடு எல்லாம் சங்கத்து பிக்கப்பில் வந்து இறங்கும். ஒரு நல்ல காரியத்தை இவ்வளவு தொல்லையோடும் செய்ய முடியும் என்பதற்கு அந்த வட்டாரத்தில் வேறு சான்று கிடையாது.

பிக்கப்பை ஓட்டுகிறவர் சுகுமாறன். சங்கத்தில் வேறு ஓட்டுநர் இல்லை. வண்டியின் இடது கதவு ஒருவர் உபயம், வலது கதவு இன்னொருவர் உபயம். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. முன்கண்ணாடியின் மேல்பாதியில் ஒட்டிய படத்தில் தலைவர் ராதாகிருஷ்ணன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருப்பார். அவருடைய கூப்பிய கைகளுக்குக் கீழே தெரிகிற சாலையைப் பார்த்து சுகுமாறன் இத்தனை வருஷமும் வண்டியோட்டிவந்தார்.

வம்பு ஜெஞ்சாரோமில் தொடங்கியது. செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் கோயில் மண்டபத்தில் ஒரு கல்யாணம். உள்ளே போகிற மண்சாலையில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது. அது கண்ணாடியில் இருந்த தலைவரின் கைகளுக்குப் பின்னால் இருந்ததால் சுகுமாறன் பார்க்கவில்லை. வண்டியின் அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். ஆயில் சம்ப் உடைந்து, எண்ணெய் முழுக்கச் சாலையில் ஊற்றி, இஞ்சின் நின்றுவிட்டது. சாப்பாடு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணமக்கள் மறுவீடு போயிருந்தார்கள். வந்த ஜனத்துக்குப் பக்கத்துக் கடையிலிருந்து நூடுல்ஸ் மாதிரியான பொட்டல மீ வாங்கி, வாழையிலையில் பரிமாறியிருந்தார்கள். சங்கத்தின் ஆண்டறிக்கையில், ‘நிகழ்ச்சி இனிதே நிறைவேறியது’ என்று எழுதினார்கள்.

அது அத்தோடு போயிருக்கும். ஆனால் சுகுமாறனின் ஒரே மகள் புனிதாவுக்கு அமைந்த மாப்பிள்ளை அதே ஜெஞ்சாரோம். கல்யாணமும் அதே மண்டபத்தில்.

“அப்பா, சாப்பாடு டைமுக்கு வந்துடும்ல?” என்று புனிதா ஒருநாள் கேட்டாள்.

“வரும்மா.”

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அந்த மீ கல்யாணத்துக்கும் போயிருந்தாங்கப்பா. அவங்க அம்மா என்கிட்ட மொதல்ல கேட்டதே, உங்க அப்பாதான் அந்த டிரைவரான்னுதான்.”

ஆயுசு முழுக்க ஊரார் கல்யாணத்துக்குச் சோறு சுமந்த மனிதர் சுகுமாறன். சொந்த மகள் கல்யாணத்தில் சம்பந்தி இலையில் பொட்டல மீயைப் பார்க்கிற மாதிரி நினைத்துப் பார்த்தார். அன்றே போர்ட் கிள்ளானில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் யுகேந்திரனிடம் போய், கல் பட்டாலும் சம்ப் உடையாமல் இருக்க என்ன வழி என்று கேட்டார்.

“ஸ்கிட் பிளேட் போடுங்கண்ணே. இஞ்சினுக்கு அடியில ஒரு தகடு. கல்லு வந்தா தகட்டுல பட்டு வழுக்கிட்டுப் போயிடும். நாலு போல்ட்டு, அரைமணி நேர வேலை லா,” என்றான் யுகேந்திரன்.

அரைமணி நேர வேலை என்று சுகுமாறன் நம்பினார். பாவம், அவர் இதைச் சங்கத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்.

செயற்குழு கூடியது. செயலாளர் அமுதவள்ளி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சங்கத்தில் எல்லாரும் அவரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள், கை தூக்கிவிட்டுத்தான் பேசுவார்கள். சுகுமாறனும் கை தூக்கினார். தகட்டைப் பற்றிச் சொல்லி முடித்தார்.

“நல்ல யோசனை,” என்றார் தலைவர் ராதாகிருஷ்ணன். “எங்க மாட்டுவாங்க?”

“அடியில, தலைவரே.”

“அடியிலன்னா, யாரு பார்ப்பா?”

“யாரும் பார்க்க மாட்டாங்க தலைவரே. கல்லுதான் பார்க்கும்.”

மண்டபம் அமைதியாகிவிட்டது. விசிறியும் நின்றிருந்ததால் அமைதி நன்றாகவே கேட்டது. தலைவர் எழுந்து, பத்துப் பேர் இருந்த அறையில் மைக்கைக் கையில் எடுத்தார்.

“அன்பார்ந்த செயற்குழுவினரே. யார் கண்ணுக்கும் படாத இடத்துல ஒரு பொருளை மாட்டச் சொல்றார் நம்ம சுகு. அவர் மேல எனக்குக் கோவம் இல்ல. அவருக்கு நம்ம வரலாறு தெரியாது. எங்கம்மா காலமானப்பகூட நான் பேனர் வச்சுட்டுத்தான் அழுதேன். அந்தப் பேனர்ல என் போட்டோ பெருசு, அம்மா போட்டோ சின்னது. ஏன்? அம்மாவை எல்லாருக்கும் தெரியும். அப்படி வளர்ந்த சங்கம் இது. ஒருத்தர் கொடுக்கறாரு, அது வெளிய தெரியலன்னா, கொடுக்காதவனுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?”

பலத்த கைதட்டல். சுகுமாறனும் தட்டினார். தட்டாமல் இருந்தால் டீச்சர் பார்ப்பார்.

“தலைவர் சொல்றது சரி,” என்றார் அமுதவள்ளி. “ஆனா சுகுமாறன் மகள் கல்யாணம் வருது. சீஃப் கெஸ்ட்டா பிரிக்ஃபீல்ட்ஸ் டத்தோ ராஜனை அழைச்சிருக்கோம். அவரையே உபயம் கேட்கலாம். பேரு தெரியற மாதிரி ஒரு தகட்டைத் தேர்வு செய்யறது நம்ம பொறுப்பு. அதுக்கு ஒரு குழு அமைப்போம்.”

சுகுமாறன் வீட்டுக் கல்யாணத்துக்கு டத்தோ ராஜன் சீஃப் கெஸ்ட் என்பது சுகுமாறனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடித்தகடு தேர்வுக் குழு முதல் வேலையாக ஆய்வுப் பயணம் புறப்பட்டது. காஜாங்கில் ஒரு கடையில் நல்ல தகடுகள் இருப்பதாக யாரோ சொன்னார்களாம். குழு போனது, வழியில் குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே இறைச்சி சாப்பிட்டது, கடை மூடும் நேரமாகிவிட்டதால் திரும்பிவந்தது. சாத்தே அடுக்கியிருந்த இரும்பு வலையைப் பார்த்துத் தகடுகளைப் பற்றி ஓர் அடிப்படைப் புரிதல் கிடைத்ததாக உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் பேசினார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சங்கத்தில் பொன்னாடை ஒன்றுதான். போர்த்தியவுடன் வாங்கி மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

கடைசியில் யுகேந்திரனே மூன்று தகடுகளை மண்டபத்துக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். ஒன்று கனத்த இரும்பு, கறுப்புச் சாயம் அடித்தது. இரண்டாவது கெட்டி பிளாஸ்டிக். மூன்றாவது மெல்லிய அலுமினியம், பளபளவென்று இருந்தது. குழு மேசையைச் சுற்றி நின்றது.

“இரும்பு கறுப்பா இருக்கு. கல்யாண வண்டிக்கு ஆகாது,” என்றார் ஒருவர்.

“சாவு வண்டிக்கு ஆகுமே,” என்றார் இன்னொருவர்.

“ரெண்டும் ஒரே வண்டிதானே?”

இதற்கு ஒரு துணைக்குழு அமைக்கலாமா என்று யோசித்தார்கள். சுகுமாறன் கை தூக்கினார்.

“டீச்சர், இதுல எது உறுதி?”

“உறுதியைப் பத்தி அஞ்சாவதா பேசப்போறோம்,” என்றார் அமுதவள்ளி. “இப்ப ரெண்டாவதுல இருக்கோம். எழுத்து எடுப்பா தெரியுமா, தெரியாதா.”

ஐந்தாவது வருவதற்குள் டத்தோ ராஜன் வந்துவிட்டார். பிரிக்ஃபீல்ட்ஸில் பெரிய புடவைக் கடை அவருடையது; டத்தோ என்பது சுல்தான் கொடுத்த பட்டம். நல்ல மனிதர், கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார். தன் பெயரைப் படித்தால் மட்டும் அவருக்குக் கண் கலங்கும். தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து செல்ஃபி எடுத்துப் பார்த்தார். இரும்பைத் தூக்க முடியவில்லை. பிளாஸ்டிக்கில் முகம் மங்கியது. அலுமினியம் அவர் கன்னத்தில் வெளிச்சம் அடித்தது.

“இதுதான்,” என்றார் டத்தோ.

யுகேந்திரன் தலையைச் சொறிந்தான். “டத்தோ, அது அழகுக்குப் போடறது லா. ஷாப்பிங் மால் போற காருக்கு. கல்லுல பட்டா வளைஞ்சிரும்.”

“வளைஞ்சா பேரும் வளையுமா?”

“வளையும் டத்தோ.”

“அப்ப கல்லுல படாம ஓட்டச் சொல்லுங்க.”

எல்லாரும் சுகுமாறனைப் பார்த்தார்கள். பிரச்சினை ஓட்டுநரிடம்தான் இருக்கிறது என்று கூட்டத்துக்கு அப்போது விளங்கியது.

பிறகு பெயர் எழுதுவது எப்படி என்ற கேள்வி வந்தது. பெயிண்டில் எழுதினால் சேறு மூடிவிடும் என்றார் தலைவர். ஒட்டினால் உரிந்துவிடும் என்றார் டீச்சர். எழுத்துகளை ஊடுருவ வெட்டிவிட்டால் சேறும் மூடாது, உரியவும் உரியாது என்று முடிவாயிற்று. ‘உபயம்: டத்தோ டாக்டர் கோ. ராஜன் குடும்பத்தினர், பிரிக்ஃபீல்ட்ஸ்’ என்று இரண்டு வரி. யுகேந்திரன் வெட்டினான். எழுத்துகளின் சுழிகளுக்குள் இருந்த துண்டுகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. வேலை முடிந்தபோது தகட்டில் தகட்டைவிட ஓட்டை அதிகம். இருட்டிலும் தெரிய வேண்டும் என்று டத்தோ பிரியப்பட்டதால், பின்னால் பச்சையும் சிவப்பும் மாறிமாறி எரிகிற எல்இடி விளக்கு மாட்டினார்கள். நேர்கீழே இருந்தால் யாருக்கும் தெரியாது என்பதால் தகட்டை ஒரு சாண் கீழே இறக்கி, எதிரே வருகிறவர்கள் பார்க்கும்படி முன்பக்கம் சாய்த்துக் கட்டினார்கள்.

“யுகேன், இப்ப இது முன்ன இருந்ததவிட நிலத்துக்குக் கிட்ட இருக்கே,” என்றார் சுகுமாறன்.

“ஆமாண்ணே.”

“கல்லு படாம இருக்கத்தானே தகடு கேட்டேன்? இப்ப எல்லாக் கல்லும் படுமே?”

“கஸ்டமர் சொன்னா செய்றேன்ணே. எனக்கு என்ன வந்துச்சு?” என்றான் யுகேந்திரன். தகட்டின் ஓரத்தில் அவனுடைய ஒர்க்ஷாப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவன் வெட்டியிருந்ததை சுகுமாறன் அப்போதுதான் பார்த்தார்.

திறப்பு விழா நடத்தாமல் ஒரு பொருளைச் சங்கம் உபயோகிப்பதில்லை. வண்டியின் அடியில் இருக்கிற பொருளை எப்படித் திறந்துவைப்பது என்று எல்லாரும் மலைத்து நின்றார்கள். மெக்கானிக்குகள் படுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போகிற சக்கரப் பலகை ஒன்று யுகேந்திரனிடம் இருந்தது. அதற்குப் பட்டுத்துணி சுற்றி, தலைமாட்டில் ஒரு குட்டித் தலையணை வைத்து, நான்கு மூலையிலும் தோரணம் கட்டினார்கள். டத்தோ மல்லாந்து படுத்தார். இருவர் கால்மாட்டில் நின்று மெதுவாக உள்ளே தள்ளினார்கள். அடியிலிருந்து, “ரொம்ப அழகா இருக்கு,” என்று தழுதழுத்த குரல் வந்தது.

அடுத்து மரியாதை வரிசைப்படி பிரமுகர்கள் ஒவ்வொருவராகப் படுத்து உள்ளே போய் வந்தார்கள். புகைப்படக்காரர் முன்னமே உள்ளே போயிருந்தார். ஏழாவதாகவோ எட்டாவதாகவோ தலைவர் ராதாகிருஷ்ணன் போனார். அவருக்குக் கொஞ்சம் தொப்பை. தகடு ஒரு சாண் இறங்கியிருந்ததால் உள்ளே போனவர் வெளியே வர முடியவில்லை. இழுத்தார்கள், ஜிப்பா கிழிகிற சத்தம் வந்தது, விட்டுவிட்டார்கள். ஆனால் நிகழ்ச்சி நிரலில் அடுத்தது தலைவர் உரை. அமுதவள்ளி நிகழ்ச்சி நிரலை மீறுகிறவர் அல்ல. மைக்கைக் குனிந்து உள்ளே நீட்டினார்.

“சங்கத்தின் அடித்தளத்திலிருந்து பேசுகிறேன்,” என்று ஆரம்பித்தார் தலைவர். வெளியே தெரிந்தவை அவருடைய இரண்டு கால்கள் மட்டும்தான். கூட்டம் அந்தக் கால்களைப் பார்த்து உட்கார்ந்து முழு உரையையும் கேட்டது. முடிந்ததும் கால்களுக்குப் பொன்னாடை போர்த்தி, மாலையும் போட்டார்கள். பின்னர் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கித் தலைவரை வெளியே எடுத்தபோது, பொன்னாடையை வாங்கி மடித்து அலமாரியில் வைத்தார்கள்.

சுகுமாறன் அன்று யுகேந்திரனைத் தனியாகக் கூப்பிட்டார். “மக கல்யாணத்தன்னிக்கு மட்டும் இதக் கழட்டிடலாமா?”

“டத்தோ வர்றாரே அண்ணே. வந்தவுடனே வண்டி எங்கன்னுதான் கேப்பாரு. இதக் கழட்டினா உங்க வேலையயும் கழட்டிருவாங்க, அத யாரு மாட்டுவா?”

கல்யாண நாள் வந்தது. சாம்பார், சோறு, பிரட்டல், பொரியல், ரசம், மோர், பாயாசம் எல்லாவற்றையும் சங்கத்துச் சமையற்கூடத்தில் மூடிபோட்ட வாளிகளில் இறுக்கி மூடி, கயிறு போட்டுக் கட்டி, பிக்கப்பில் ஏற்றினார் சுகுமாறன். பெண்ணைப் பெற்றவர் வேட்டி சட்டையில் வண்டி ஓட்டினார். வேறு யாரை விடுவது? சாப்பாட்டை இறக்கிவிட்டு, கைகால் கழுவி, மணமேடையில் போய் நின்றுவிடலாம் என்று திட்டம். பந்திங் சாலையில் ஒவ்வொரு வேகத்தடையிலும் டத்தோவின் பெயர் உரசித் தீப்பொறி பறந்தது. எதிரே வந்தவர்கள் விளக்கைப் பார்த்து ஆம்புலன்ஸ் என்று நினைத்து ஒதுங்கினார்கள். அதுவரைக்கும் தகடு நல்லதுதான் செய்தது.

மண்சாலைக்குள் திரும்பினார். ஆமை வேகத்தில் போனார். பழைய கல் இருக்கிற இடம் அவருக்கு நன்றாகத் தெரியும். அதை ஒதுங்கிப் போனார். அதற்கு அப்பால் முன்னே யாரையும் தொந்தரவு செய்யாமல் கிடந்த ஒரு சின்னக் கல், சாய்ந்து தொங்கிய தகட்டில் ‘டத்தோ’ என்ற சொல்லுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. தகடு தரையை உழுதது. ஸ்டியரிங் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு சுழன்றது. பிக்கப் ஓரத்துக் கால்வாய்க்குள் மெல்ல இறங்கி, அவசரமே இல்லாமல் பக்கவாட்டில் சரிந்து, கரைமேல் சாய்ந்து படுத்தது. வயிறு முழுக்கச் சாலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

சுகுமாறன் மேல்பக்கக் கதவைத் திறந்து ஏறிக் குதித்தார். சுண்டுவிரலில் மட்டும் சிராய்ப்பு. ஓடிப்போய் வாளிகளைப் பார்த்தார். கட்டு அவிழவில்லை. ரசம் மட்டும் கொஞ்சம் ஒழுகியிருந்தது. கைப்பேசி அடித்தது. மனைவி நல்லம்மாள்.

“எங்கங்க இருக்கீங்க?”

“கிட்டத்துல வந்துட்டேன். வண்டி லோங்காங்ல விழுந்துருச்சு.”

“சாப்பாடு?”

நல்லம்மாள் அவரைப் பற்றிக் கேட்கவில்லை. அதில் அவருக்கு வருத்தம் இல்லை. அவரும் முதலில் வாளியைத்தான் பார்த்தார்.

“ஐயர் கூப்பிடறாரு. மாப்பிள்ளை மேடைக்கு வந்தாச்சு. சம்பந்தியம்மா வாசல்லயே நின்னு ரோட்டப் பார்த்துட்டிருக்காங்க. நான் என்ன சொல்ல?”

சுகுமாறனுக்கு அழுகை வந்தது. இந்தத் தகட்டைக் கேட்டதே தப்பு என்று தோன்றியது. அப்போது பின்னால் கார்கள் வரிசையாக வரும் சத்தம். டத்தோவின் கார் முன்னால், தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு எல்லாம் பின்னால். உதவி வந்துவிட்டது என்று அவர் கையை ஆட்டினார்.

டத்தோ ராஜன் காரிலிருந்து இறங்கினார். சுகுமாறனைப் பார்க்கவில்லை. வாளிகளைப் பார்க்கவில்லை. சாய்ந்து கிடந்த பிக்கப்பின் வயிற்றில் பச்சையும் சிவப்புமாக எரிந்துகொண்டிருந்த தன் பெயரைப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

“தலைவரே,” என்றார், “இப்பதான் படுக்காம படிக்கிறேன்.”

“உங்க மனசுக்கு ஏத்த மாதிரி அமைஞ்சிருக்கு டத்தோ,” என்றார் ராதாகிருஷ்ணன். “சுகு நல்ல இடமாப் பார்த்து விழுந்திருக்காரு.”

புகைப்படக்காரர் ஓடிவந்தார். தகட்டுக்கு முன்னால் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். பிக்கப்பிலிருந்து சங்கத்து ஒலிபெருக்கியையும் மைக்கையும் எடுத்துத் தரச் சொன்னார்கள், சுகுமாறன் எடுத்துக்கொடுத்தார். தலைவர் பேசத் தொடங்கினார். அடித்தகடு மேலே வந்த வரலாற்றை ஆதியிலிருந்து சொன்னார். சுகுமாறன், “தலைவரே, சாப்பாடு,” என்றார். டீச்சர் உதட்டில் விரல் வைத்தார். “தலைவரே, முகூர்த்தம்,” என்றார். கை தூக்கிவிட்டுப் பேசச் சொன்னார் டீச்சர்.

சுகுமாறன் கை தூக்கினார். யாரும் பார்க்கவில்லை. நல்லம்மாள் மறுபடி கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை, எடுத்து என்ன சொல்வது? தூக்கிய கையோடு அவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் இவர்கள் ஒரு நாற்காலியையாவது தூக்கி அவர் பார்த்ததில்லை. ஆனால் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், எழுந்து வராத ஓர் ஆளையும் அவர் பார்த்ததில்லை. தூக்கிய கையை அப்படியே நீட்டி, மூச்சு வாங்க நின்ற தலைவரிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒலிபெருக்கியில் தன் குரலைக் கேட்டார்.

“அனைவருக்கும் வணக்கம். விழாவின் அடுத்த அங்கமாக, சாம்பார் வாளி ஏந்தும் வைபவம். சாம்பார் வாளியைத் தம் பொற்கரங்களால் தூக்கி, தம் சொந்தக் காரில் ஏற்றி, மணமண்டபம் வரை ஏந்திச் சென்று சிறப்பிக்குமாறு மாண்புமிகு டத்தோ டாக்டர் ராஜன் அவர்களைப் பணிவன்போடு அழைக்கிறேன்.”

“இது நிகழ்ச்சி நிரல்ல இல்லையே,” என்று முணுமுணுத்தார் அமுதவள்ளி. ஆனால் டத்தோ அதற்குள் ஜிப்பாக் கையை மடித்துக்கொண்டு நடந்துவிட்டார். புகைப்படக்காரர் பின்னாலேயே ஓடினார்.

“தொடர்ந்து, சோற்று வாளியை ஏந்தச் சங்கத்தின் தலைவர் அவர்கள். பிரட்டல் வாளியை ஏந்தச் செயலாளர் டீச்சர் அவர்கள். கைதட்டி வரவேற்போம்.”

யார் முதலில் தட்டினார்கள் என்று தெரியவில்லை. எல்லாரும் தட்டினார்கள். பொருளாளர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தன்னை மோருக்குக் கூப்பிட்டது பதவிக்குக் குறைவு என்றார். “மோர் வாளி ஒருத்தருக்குத்தான் கிடைக்கும். சோறும் பொரியலும்கூட ரெண்டு ரெண்டா இருக்கு,” என்றார் சுகுமாறன். பொருளாளர் பாய்ந்து வந்து மோரைக் கட்டிக்கொண்டார். பாயாசத்துக்கு இரண்டு முன்னாள் தலைவர்கள் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். பிக்கப் காலியாகிவிட்டது. சுகுமாறன் டத்தோவின் காரில் முன்னிருக்கையில் ஏறினார். பின்னிருக்கையில் டத்தோ சாம்பார் வாளியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

மண்டபத்து வாசலில் கார்கள் வந்து நின்றன. டத்தோ ராஜன் வாளியோடு இறங்க, பின்னால் தலைவர், டீச்சர், செயற்குழு எல்லாரும் ஆளுக்கொரு வாளியோடு வரிசைகட்டினார்கள். சீர்வரிசை வருகிறது என்று நினைத்து நாதஸ்வரக்காரர் வாசிக்கத் தொடங்கிவிட்டார். மங்கள வாத்தியத்தோடு சாம்பார் உள்ளே போனது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் எழுந்து நின்றார்கள். வாசலில் நின்ற சம்பந்தியம்மா வாய்பிளந்து பார்த்தார்.

“டத்தோவே சாம்பார் தூக்கிட்டு வர்றாரு,” என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். “பொண்ணு வீட்டுக்காரங்க பெரிய ஆளுங்க போல.”

வேட்டியில் சேறும் சட்டையில் ரசமுமாக சுகுமாறன் மணமேடை ஏறினார். புனிதா தலை நிமிர்ந்து பார்த்தாள்.

“வந்துடுச்சாப்பா?”

“வந்துடுச்சும்மா. ரசம் மட்டும் கொஞ்சம் கம்மி.”

அவள் சிரித்தாள். மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தபோது சுகுமாறன் ஓவென்று அழுதுவிட்டார். பிள்ளையைப் பிரிகிற துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதுவும்தான். ஆனால் பாதி அழுகை சாம்பாருக்கு. மண்டபத்தில் ஒருவர்கூட அன்று மீ சாப்பிடவில்லை.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் தலைவர் அறிக்கை வாசித்தார். அடித்தகடு தன் கடமையைச் செவ்வனே செய்தது, வந்தவர் போனவர் அனைவரும் பெயரைப் படித்தனர் என்றார். பிக்கப்பைக் கால்வாயிலிருந்து எடுக்காமல் தீபாவளி வரை அப்படியே விட்டுவைக்கலாமா என்று டத்தோ கேட்டிருந்தார். தோட்டத்துக்காரர்கள் ஒத்துக்கொள்ளாததால் இழுவை லோரி வைத்து எடுத்துவிட்டார்கள். தகடு நெளிந்திருந்தது. புதிதாக ஒன்று போட வேண்டும், இந்தத் தடவை எங்கே மாட்டுவது என்று ஆலோசனை நடந்தது. மைக் பிடித்ததிலிருந்து சுகுமாறனுக்குச் சங்கத்தில் ஒரு மதிப்பு வந்திருந்தது. கை தூக்காமலே பேச விட்டார்கள்.

“கூரை மேல மாட்டலாம் தலைவரே. வானத்தப் பார்த்தாப்பல.”

“மேல யாரு பார்ப்பா?”

“ஜெஞ்சாரோம் பக்கம் ஏர்போர்ட்டுக்கு இறங்கற பிளேன் எல்லாம் தாழ்வாத்தான் போகுது. டத்தோ புடவை எடுக்க மெட்ராஸ் போயிட்டு வரப்ப ஜன்னல் சீட்ல உட்கார்ந்தா பார்க்கலாம்.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பொன்னாடை சுகுமாறனுக்குப் போர்த்தப்பட்டு, வாங்கி மடித்து வைக்கப்பட்டது.

கூரையில் தகடு மாட்ட வண்டியை யுகேந்திரனின் ஒர்க்ஷாப்பில் விட்டபோது, சுகுமாறன் அவனை ஓரமாகக் கூட்டிப்போனார். அந்தக் கனத்த கறுப்பு இரும்புத் தகடு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. என் சொந்தச் செலவு, அடியில் மாட்டிவிடு, சங்கத்துக்குத் தெரிய வேண்டாம் என்றார். யுகேந்திரன் நான்கு போல்ட்டு போட்டான். அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது.

“பேரு ஒண்ணும் வேணாமாண்ணே?”

“பேரா? ஒரு எழுத்துகூட வேணாம். இவங்ககிட்ட பட்டது போதாதா?” என்று சொல்லிவிட்டு சுகுமாறன் வண்டியை எடுத்தார். ஒர்க்ஷாப் வாசல் வரைக்கும் போனார். பிரேக் பிடித்து, அப்படியே பின்னால் வந்து, கண்ணாடியை இறக்கினார்.

“யுகேன், வெட்டாத. பெயிண்ட்ல சின்னதா எழுது. உள்பக்கமா, இஞ்சினப் பார்த்தாப்பல. உபயம், சுகுமாறன் நல்லம்மாள், மக புனிதா.” கொஞ்சம் யோசித்தார். “மாப்பிள்ள பேரையும் போட்டுரு. இல்லாட்டி சம்பந்தியம்மா கோச்சுக்குவாங்க.”